அந்த அழுகைப் படமா?

'டெர்ம்ஸ் ஆஃப் என்டியர்மென்ட்' பார்க்கப்போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்தால் போதும். "ஐயோ, அந்தக் கேன்சர் படமா? கடைசியில பொண்ணு செத்துப்போயிடுமே!" என்று உடனே ஒரு குரல். கைக்குட்டை வேணுமா என்று இன்னொரு கிண்டல். 1983-ல் வந்த படம். முடிவை மூடி வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் நோய் எட்டிப் பார்ப்பதே கடைசிப் பகுதியில்தான். அதுவரைக்கும் என்னதான் நடக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பாதிப் பேர் பார்த்தது ஆஸ்பத்திரிக் காட்சியின் துண்டு வீடியோ!

நடப்பது சண்டை ஐயா, சண்டை. ஹூஸ்டனில் இருக்கும் அம்மா அரோரா, தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு மூச்சு இருக்கிறதோ என்னமோ என்று பயந்து, கிள்ளி அழவிட்டு, அந்த அழுகையைக் கேட்ட நிம்மதியில் நகர்கிறவள். அந்தக் குழந்தை எம்மா வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போது, முந்தின ராத்திரி போய், இவன் வேண்டாம் என்கிறாள். கல்யாணத்துக்கும் வரவில்லை. மறுநாள் காலையில் போன் மட்டும் அடித்துவிடுகிறாள்! மகள் உண்டாகியிருக்கிறாள் என்றால் பூரிப்பாளா? என்னைப் பாட்டியாக்குகிறாயா என்று கத்துகிறாள். மாப்பிள்ளையின் வாத்தியார் வேலை குடும்பத்தை ஐயோவாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் இழுத்துப்போன பிறகு, உறவு முழுக்கத் தொலைபேசியில்தான். கைக்காசு இல்லாததும் புருஷனின் களவுச் சகவாசமும் மகள் பக்கத்துக் கதை. பக்கத்து வீட்டு விண்வெளி வீரரிடம் தான் மயங்கியது அம்மா பக்கத்துக் கதை. அதை அம்மா வெட்கமில்லாமல் சொல்ல, மகள் குதூகலமாகக் கேட்கிறாள். நம் சினிமாவில் அம்மா சென்டிமென்ட் என்றாலே மகன்தானே? மகள் எங்கேயாவது தட்டோடு நின்றுகொண்டிருப்பாள்.

அந்த விண்வெளி வீரர் படத்துக்கு மூலமான லாரி மெக்மர்ட்ரியின் நாவலில் இல்லவே இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் தானாக எழுதிச் சேர்த்தது. டிவி நகைச்சுவைத் தொடர்களிலிருந்து வந்து முதன்முதலாகப் படம் இயக்கியவர் அவர். அழவைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், குடித்துவிட்டுக் கடற்கரையில் கோணல்மாணலாகக் கார் ஓட்டுகிற ஒரு மனுஷனை எதற்காக நுழைக்க வேண்டும்? ஜாக் நிக்கல்சனுக்கு அந்த வேஷத்துக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. படத்துக்கு மொத்தம் 5. சிறந்த நடிகைக்கான போட்டியில் அம்மா ஷெர்லி மெக்லைனும் மகள் டெப்ரா விங்கரும் எதிரெதிரே நின்றார்கள், ஜெயித்தது அம்மா. திரையில் நடந்த மல்லுக்கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு உண்டா!

மகளுக்கு வலி ஊசி போடுங்கள் என்று நர்ஸுகளிடம் அரோரா அலறும் அந்தத் துண்டு வீடியோவைத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். வெளியில் நிதானம் தவறாத சீமாட்டி, பாட்டி என்ற பேருக்கே கூசியவள், ஊரார் பார்க்க ஓடி ஓடிக் கத்துகிறாள் என்பது முன்கதை தெரிந்தவர்களுக்குத்தானே உறைக்கும்? தனியாகப் பார்த்தால் அது வெறும் கூச்சல்.

தயவுசெய்து இனிமேல் யாராவது இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் சாவைச் சொல்லாதீர்கள். அந்தப் போன் பேச்சுகளைச் சொல்லுங்கள்.