ஆனையிறவில் புல்டோசர் இருக்கிறது, சிலாவத்துறையில் ஊர் எங்கே?

பாடசாலை விடுமுறை வந்தால் புதுக்கடை, வாழைத்தோட்டம், மருதானைப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேன் பிடிக்கும் குடும்பங்கள் அதிகம். ஏ9 வீதியில் அவர்கள் பெரும்பாலும் இறங்கிப் பார்க்கும் இடங்களில் கொக்காவிலும் ஆனையிறவும் முக்கியமானவை. இரண்டும் ஒரு காலத்தில் சுற்றிவளைக்கப்பட்ட இராணுவ முகாம்கள். இன்று படமெடுக்கும் இடங்கள்.

கொக்காவிலில் இருந்தது பெரிய படைத்தளம் அல்ல. ஒளிபரப்புக் கோபுரமொன்றைக் காவல் காக்க நிறுத்தப்பட்ட சிறு படைப்பிரிவு அது. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் வெடித்ததும் அந்த முகாம் தனித்துப் போனது. உணவு, தண்ணீர், தோட்டா எதுவும் போய்ச் சேரவில்லை. காயமடைந்தவர்களை விட்டுவிட்டு வெளியேற மறுத்த லெப்டினன்ட் சாலிய அலதெனியவும் அவருடன் இருந்தவர்களும் ஜூலை 11 அன்று முகாமோடு அழிந்தார்கள். 2008 டிசம்பர் வரை இராணுவம் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. இப்போது அங்கே 174 மீற்றர் உயரக் கோபுரமும் வீதியோரத்தில் நினைவுச்சின்னமும் நிற்கின்றன.

ஆனையிறவுக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1991 ஜூலை 14 அன்று, இரும்புத் தகடு போர்த்திய புல்டோசரை முகாம் வேலியை நோக்கி புலிகள் ஓட்டி வந்தார்கள். கைக்குண்டுகளோடு அதன் மேல் ஏறி அதைத் தடுத்து உயிரிழந்தவர் கோப்ரல் காமினி குலரத்ன, ஹசலக்க ஊர்க்காரர். அந்தப் புல்டோசரே இன்று நினைவுச்சின்னம். அதே முகாம் 2000 ஏப்ரலில் விழுந்ததையும் 2009 ஜனவரியில் திரும்பக் கைப்பற்றப்பட்டதையும் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்களோ இல்லையோ, புல்டோசரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்தச் சின்னங்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. ஒரு தாயின் மகன் இறந்த இடத்தில் கல் நடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. எமது கேள்வி வேறு. இதே போரில், இப்படிப்பட்ட தனித்த காவல் நிலையங்களிலும் அவற்றைச் சுற்றியும் முஸ்லிம்கள் இழந்தது எங்கே பதிவாகியிருக்கிறது?

முதலில் படையில் இருந்தவர்களைப் பார்ப்போம். 1996 ஜூலை 18 அதிகாலை முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டது. சுமார் ஒரு வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற விசேட படையணியுடன் அளம்பில் பகுதியில் ஹெலியில் இறங்கியவர் மர்ஹூம் பஸ்லி லாபிர். தலையில் காயம்பட்ட பின்னும் கட்டளையிடுவதை நிறுத்தாமல் 19ஆம் திகதி உயிர் நீத்தார். அலதெனியவுக்கும் குலரத்னவுக்கும் வழங்கப்பட்ட அதே பரம வீர விபூஷணய விருது அவருக்கும் வழங்கப்பட்டது. நாட்டின் அதியுயர் வீர விருது அது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் தொப்பியையும் அபாயாவையும் கண்டு முகம் சுளித்தவர்களில் எத்தனை பேருக்கு லாபிர் என்ற பெயர் தெரியும்? அவர்களை விடுவோம். எமது அஹதிய்யா மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் பிரிகேடியர் முஹம்மது உஸ்மானை அறியாதவர் குறைவு. 1948 ஜூலை 3 அன்று காஷ்மீரின் நௌஷேரா பகுதியிலுள்ள ஜங்கர் என்ற எல்லைக் காவலிடத்தில் ஷெல் விழுந்து இறந்தார். அந்த இடத்தில் அவருக்கு நினைவிடம் அமைத்து இராணுவம் இன்றும் பேணி வருகிறது. பிரதமர் நேரு ஜனாஸாவுக்கு வந்தார். அப்படிப்பட்டவரின் கப்ர், டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தின் பக்கத்தில், 2020 டிசம்பரில் உடைந்து கிடந்தது. பிறகுதான் இராணுவம் வந்து திருத்தியது. எல்லையில் மரியாதை, தலைநகரில் மறதி.

அடுத்தது 1990 ஜூன் 11. கிழக்கில் பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்த புலிகளிடம் சரணடையுமாறு கொழும்பிலிருந்து உத்தரவு போனது. ஆயுதத்தைக் கீழே வைத்த அறுநூறுக்கு மேற்பட்ட சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கொக்காவிலைப் போல இறுதிவரை சண்டை பிடித்திருந்தால் இவர்களுக்கும் ஒரு வீரக் கதை கிடைத்திருக்கும். உத்தரவுக்குப் பணிந்ததால் கதை கிடைக்கவில்லை. சுற்றுலா வேன்கள் திருக்கோவில் பக்கம் இதற்காகத் திரும்புவதில்லை.

அதைவிட மறக்கப்பட்டவர்கள் ஊர்காவல் படையினர். எல்லைக் கிராமங்களில் சில மணல் மூட்டைகளுக்குப் பின்னால் சொட்கன்னோடு இரவு முழுக்க விழித்திருந்த விவசாயிகள் அவர்கள். பொலன்னறுவை மாவட்டத்தில் 1992 ஏப்ரல் 29 அன்று அழிஞ்சிப்பொத்தானையிலும், ஒக்டோபர் 15 அன்று பள்ளியகொடெல்லவிலும் அந்தக் காவல் போதவில்லை. பெண்களும் பிள்ளைகளுமாக ஊரே வெட்டப்பட்டது. இங்கே நாம் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அழிஞ்சிப்பொத்தானைக்குப் பழிவாங்கலாக அயல் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அதில் எமது ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். அழிஞ்சிப்பொத்தானைக்கு நாளை ஒரு நினைவிடம் எழுந்தால், அந்த இரண்டு ஊர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கசக்கும்தான்.

காத்தான்குடி மட்டும் அரசை எதிர்பார்க்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது புலிகள் சுட்ட அடையாளங்களை மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் ஊர் மக்களே பாதுகாத்து வருகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஷுஹதாக்களுக்கு வருடா வருடம் துஆ நடக்கிறது. இதற்கு முகாமும் வேண்டியதில்லை, தளபதியும் வேண்டியதில்லை.

வடக்கில் நிலைமை அப்படியில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதி மக்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, அவர்கள் விட்டு வந்த சிலாவத்துறை ஒரு முகாமாகவே அறியப்பட்டது. 1991இல் புலிகள் தாக்கியும் விழாத முகாம். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கண்டது, தமது காணிகளில் எழுந்திருந்த கடற்படை முகாமை. 2018இல் அவர்கள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்து காணியைக் கேட்டார்கள். பக்கத்திலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களுக்கும் அதே கதைதான். அவர்களது கிராமமும் கடற்படைத் தளமானது.

காணி முகாமுக்குள் போகாத இடத்தில் காட்டுக்குள் போனது. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி ஆகிய ஊர்களின் பெயரிலேயே 2012இல் வன ஒதுக்கம் வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடியே கையெழுத்திட்டு மாவில்லு பேணற்காடு அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில், இதே புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில், மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறில் மீள்குடியேற்றத்துக்காக வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் நட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இருபது வருடம் ஆள் இல்லாத ஊரில் காடு வளராமல் வேறு என்ன வளரும்?

முகாமுக்கு எல்லைக் கல் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, இறந்த வீரனுக்குத் தூபி இருக்கிறது. காட்டுக்கு வர்த்தமானி இருக்கிறது. அந்த இரண்டுக்கும் முன்னால் அங்கே ஒரு பள்ளிவாசலும் மையவாடியும் நெல்வயலும் இருந்தன என்பதற்கு ஊராரின் வாய்ச்சொல்தான் பல இடங்களில் மிச்சம். உறுதிகள் அந்த ஒக்டோபரிலேயே தொலைந்துவிட்டன.

தமிழ் மக்களின் நினைவிடங்கள் பற்றிப் பேசும்போது எமக்குள் ஒரு தயக்கம் வருகிறது. கோப்பாய் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, 2011இல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அங்கே திறக்கப்பட்டது. எம்மை விரட்டிய இயக்கத்தின் கல்லறைகள் அவை என்று நம்மில் பலர் மௌனமாக இருந்தோம். அந்த மனநிலை புரியக்கூடியது. ஆனாலும் கல்லறைக்கு மேல் முகாம் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டால், சிலாவத்துறை மையவாடிக்காகப் பேச எமக்கு வாய் இருக்காது. 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் தூபியை இரவோடிரவாக இடித்தவர்கள், எதிர்ப்பு எழுந்ததும் சில மாதங்களில் திரும்பக் கட்ட அனுமதித்ததையும் பார்த்தோம். சத்தம் போட்டால் கேட்கிறது.

2024 நவம்பர் தேர்தலில் 159 ஆசனங்களோடு வந்த அரசாங்கம் வன்னி மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. முசலி வாக்காளர்களும் அந்த மாவட்டத்தவர்களே. முகாம் காணிகளை விடுவிப்பதாகச் சொல்லும்போது பேச்சு பலாலியோடு நின்றுவிடுகிறது. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலாவத்துறையின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கேட்க வேண்டும். காணி முழுவதும் வராவிட்டாலும், முகாமுக்குள் இருக்கும் காணி யார் யாருடையது என்ற பதிவையாவது பிரதேச செயலகம் வெளியிட வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் தனது அறிக்கையை வெளியிட்டபோது சாட்சி சொன்ன பெரியவர்கள் பலர் இன்று இல்லை. 1990இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கிணறு யாருடையது, எந்தப் புளியமரத்தோடு யாருடைய வளவு முடிந்தது என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். முசலிப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு கொப்பியும் ஒரு கைத்தொலைபேசியும் கொண்டு இந்த வருடமே புத்தளத்துக்குப் போய் அதை எழுதி எடுத்து, பிரதியொன்றை பிரதேச செயலகத்திலும் மற்றதைப் பள்ளிவாசலிலும் வைக்கலாம்.