பாக்கைத் தனியே எழுதியவர்கள்

பல்கலைக்கழகச் சாதனைச் செய்திகளில் வரும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். பேராசிரியர் ஒருவர் கண்ணாடிக் கேடயத்தைப் பிடித்திருப்பார். பக்கத்தில் புலத்தின் தலைவர் நிற்பார். கீழே இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், உலகத் தரவரிசையில் இத்தனையாவது இடம் என்று இரண்டு வரி இருக்கும். பல் மருத்துவப் புலத்துச் செய்தி என்றால் நம்மில் பலர் பக்கத்தையே திருப்பிவிடுவோம். பல் பிடுங்குவதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்ற நினைப்பு படித்தவர்களிடமும் உண்டு.

மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்தின் செய்தி வந்தால் தமிழர்கள் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பது என் கருத்து. 1972இல் தொடங்கப்பட்ட அந்தப் புலம் இந்நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்விக்கூடம். அங்குள்ளவர்களின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியைப் பற்றியது.

1993, 1994ஆம் ஆண்டுகளில் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயை நாடு முழுவதும் பரிசோதித்தார்கள். ஒருவர் பார்ப்பதும் இன்னொருவர் பார்ப்பதும் மாறுபடக் கூடாது என்பதற்காக ஒரே அளவுகோலில் பயிற்சி பெற்ற 16 பல் மருத்துவ அதிகாரிகள் அந்த வேலையைச் செய்தார்கள். அந்தப் புலத்தின் பேராசிரியர் ரோஸ்னா ஜைனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 5 பேர்.

இந்த எண்ணை வகுப்பில் சொன்னால், “டீச்சர், அஞ்சு பேருதானே?” என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தசை இறுக்கம் போன்ற மாற்றங்கள் இருந்தவர்கள் 165 பேர். அது 1.4 விழுக்காடு. இனவாரியாகப் பிரித்தபோது சீனர்களிடம் 0.5 விழுக்காடும், சபா, சரவாக் பூர்வகுடியினரிடம் 2.5 விழுக்காடும் இருந்தது. இந்தியர்களிடம் 4 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே காற்று, ஒரே தண்ணீர். சீனரைவிட எட்டு மடங்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடும்போது மெல்லும் பழக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அந்தப் புலம் தொடர்பான பணிகளில் எனக்கு மிகவும் பிடித்ததற்கு யாரும் கேடயம் கொடுத்திருக்க மாட்டார்கள். 1996 நவம்பர் 25 முதல் 27 வரை கோலாலம்பூரில் ஒரு பட்டறை நடந்தது. ரோஸ்னா ஜைனுடன் இந்தியாவின் பி.சி. குப்தா, லண்டனில் பணியாற்றிய இலங்கையரான சமன் வர்ணகுலசூரிய போன்றவர்கள் அதில் உட்கார்ந்து பேசியது சொற்களைப் பற்றி! ஆங்கிலத்தில் பாக்கை ‘பீட்டல் நட்’ என்பார்கள். ‘பீட்டல்’ என்பது வெற்றிலை என்ற நம் பக்கத்துச் சொல் போர்த்துகீசியர் வாயில் புகுந்து திரிந்தது. வெற்றிலை மிளகுக் குடும்பத்துக் கொடி. பாக்கு பனைக் குடும்பத்து மரத்தின் கொட்டை. மலாய்க்காரர்கள் சிரே, பினாங் என்று இரண்டாகச் சொல்கிறார்கள் (ஒரு தீவுக்கே அந்தப் பெயர்). நாமும் வெற்றிலை, பாக்கு என்று பிரித்தே சொல்கிறோம். குழப்பம் ஆங்கிலத்தில்தான், ஆய்வுகளோ ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு படிவத்தில் ‘வெற்றிலை போடுவாரா, ஆம் அல்லது இல்லை’ என்று மட்டும் இருந்தால், நோய்க்குக் காரணம் இலையா, பாக்கா, புகையிலையா என்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. வாயில் அடக்கும் பொருளில் பாக்கு இருந்ததா, புகையிலை இருந்ததா, இரண்டும் இருந்தனவா என்று தனித்தனியே குறிக்க வேண்டும் என்றது கோலாலம்பூர்ப் பட்டறை. அதன் வரையறையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமும் பின்னர் எடுத்தாண்டது.

1980களில் அதே முகாம் புகையிலை சேர்த்து மெல்வது புற்றுநோய் தரும் என்று மட்டுமே உறுதியாகச் சொல்லியிருந்தது. 2003இல் மறுபடி கூடியபோது, புகையிலையே சேர்க்காமல் மெல்லும் தைவான் மக்களிடமிருந்து வந்த சான்றுகளும் மேசையில் இருந்தன. பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் பொருள் என்று முடிவானது. “நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குதான்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் அன்றோடு செல்லாமல் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அது செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

பாக்கு என்ன செய்கிறது? அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், வாயின் உள்தோலுக்கு அடியிலுள்ள நார்த்திசுச் செல்களைத் தூண்டி அளவுக்கு மீறிக் கொலாஜன் நாரை உற்பத்தி செய்ய வைக்கிறது. பாக்கில் செம்பும் அதிகம். நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குச் செம்பு தேவை. அது கிடைத்ததும் பிணைப்பு இறுகுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் பொருள்கள் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கன்னத்தின் உட்புறம் தோல்வார்போல் கெட்டியாகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகிறது. அதற்கு முன்பே ஓர் அறிகுறி உண்டு: காரம் தாங்காது. நாற்பது ஆண்டுகள் மிளகாய் அரைத்த பாட்டி திடீரென்று “குழம்புல காரத்தக் கொறம்மா, வாய் எரியுது” என்றால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

பின்னர் வந்த வேலைகளும் குறைந்தவை அல்ல. பேராசிரியர் சியோங் சோக் சிங்கும் குழுவினரும் மலேசிய நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும்படி செய்து 2007இல் அறிவித்தார்கள். புகைத்தும் குடித்தும் நோய் கண்ட மேலை நாட்டவரின் செல்களில் சோதித்த மருந்து, மென்று நோய் கண்டவருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா? கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உருவாக்கிய ‘மெமோசா’ கைப்பேசிச் செயலியில், வாயின் படத்தை எடுத்து அனுப்பினால் தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்வார். படங்களைக் கணினியே இனம்காணும்படி பழக்கும் ஆய்வும் நடக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்நாட்டில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இங்கேதான் எனக்குக் குறை. ஆய்வு மாநாட்டுக்குப் போகிறது, ஆங்கில இதழுக்குப் போகிறது. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்திருப்பவருக்குப் போவதில்லை. சுகாதார அமைச்சு தோட்டங்களுக்குப் போய்ப் பரிசோதித்தது உண்மை. ஆனால் தோட்டங்கள் கலைந்தன. அந்தக் குடும்பங்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிவிட்டன. லயத்தில் வரிசையாக நின்றவர்களைத் தேடுவது எளிது. பதினான்காம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டியைத் தேடுவது அப்படியில்லை. அவரும் வலி வந்தால்தான் கிளினிக்குக்குப் போவார். ஆரம்பக் கட்டத்துத் திட்டு வலிக்கவே வலிக்காது.

ஆய்வாளர்களின் வேலை ஆராய்வது, பிரச்சாரம் அமைச்சின் வேலை என்று ஒரு பதில் வரும். எனக்கு அது போதவில்லை. இந்தியர்களும், பாக்கோடு புகையிலை சேர்ப்பவர்களும் பழக்கத்தை விடுவது அரிது என்று கண்டறிந்ததே அந்தப் புலத்தைச் சேர்ந்தவர்கள்தான். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிற பல்கலைக்கழகம், தமிழில் தயாரித்த ஒரு நல்ல காணொளியையும் ஒரு எண்ணாகக் கணக்கில் எடுத்தால் என்ன? அதே வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எழுதத் தெரிந்த மாணவர்கள் அங்கே இல்லாமலா போவார்கள்? ஒரு பருவத் திட்டப்பணியாகவே கொடுக்கலாம். குடும்பப் புலனக் குழுக்களில் தினமும் காலை வணக்கம் சுற்றுவதற்கு நடுவில் அதுவும் சுற்றட்டும்.

வெற்றிலை பாக்கு நம் பண்பாடு என்று கோபப்படுவோருக்கு ஒன்று சொல்வேன். தாம்பூலம் வைத்து அழைப்பதையும் தட்டு மாற்றுவதையும் எந்த ஆய்வும் குறை சொல்லவில்லை. தட்டில் இருக்கும் பாக்கு யாருக்கும் நோய் தராது. அது நாள்தோறும் கன்னத்தில் அடங்கிக் கிடக்கும்போதுதான் சிக்கல்.

அடுத்த முறை வீட்டுப் பெரியவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய மூன்று விரல்கள் செங்குத்தாக உள்ளே போக வேண்டும். போகாவிட்டாலோ, துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தாலோ, பல்லில் ஒரு வலியும் இல்லை என்றாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன மெல்கிறார் என்று கேட்டால், வெற்றிலை என்று மட்டும் சொல்லாமல், பாக்கு, புகையிலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.