தேய்ப்பது நம் வேலை, தெளிப்பது நம் வேலை அல்ல

எங்கள் வீட்டு மாருதி 800-க்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் மகன், "எடைக்குப் போட்டுடுங்கப்பா" என்பான். எஞ்சினில் குறை இல்லை, தோல்தான் போய்விட்டது. பட்டி டிங்கரிங் பார்த்து முழு பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் கேட்ட தொகை, வண்டியை விற்றால் வரும் தொகைக்குப் பக்கத்தில் இருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் கிளேஸ் போட்ட கைக்கு ஒரு கார் பெரிதா என்று நானே இறங்கிவிட்டேன்.

காலத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெயிண்ட் வெளுத்துப் போகும். ஆடிக் காற்றில் தெருப் புழுதியெல்லாம் வந்து ஒட்டும். அதனால் மாசி மகத்துக் கூட்டம் கலைந்த பிறகு தொடங்கினேன். பழைய வெள்ளை நிறத்தையே அடிப்பதென்று முடிவு. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

முதல் பத்து நாள் சந்தோஷமாகப் போனது. துருவைச் சுரண்டிப் பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்தேன். துருவின் மேல் பெயிண்ட் அடித்தால், உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். பள்ளங்களில் பட்டி வைத்து, காய்ந்ததும் முரட்டுத் தாளில் தொடங்கி 220, 400, 600 என்று வாட்டர் பேப்பர் போட்டேன். பேட்டையில் சுட்ட பிஸ்கட்டைக் கை எண்ணெயோடு தொட்டால், அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் சுருண்டுகொள்ளும். காரிலும் அதே கதைதான். பழைய பாலிஷ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பெயிண்ட் குழி குழியாக விலகும். துடைத்துத் துடைத்துத்தான் பிரைமர் பூசினேன். மூடித் தடவிய கைக்கு ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து, ஹார்டனர் கலக்கும் பி.யு. பெயிண்ட் வாங்கிவந்தேன். டப்பாவில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவரச் சோம்பல். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் அடித்து முடித்தேன். என் வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. சமையலறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருக்கிறது. அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, "என்னங்க, மூச்சு விட முடியலை" என்று எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து விடியும்வரை பக்கத்தில் இருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் பெயிண்ட் ஏதாவது அடித்தீர்களா?" என்பதுதான்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. பிரிட்டனில் வேலை செய்யுமிடத்தால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்குப் பழுதாகிவிட்டால், அடுத்த முறை துளி பட்டாலும் மூச்சு திணறும். துணி முகமூடி அதற்குத் தடுப்பே இல்லை. முறையாக அடிப்பவர்கள் தனி அறையில், குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி அணிந்து அடிக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பீங்கான் வேலையில் சிலிக்கா தூசு கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் தங்கும் என்று எத்தனை பையன்களிடம் சொல்லியிருப்பேன்! "காய்ந்ததைத் தேய்க்காதே, நனைத்துத் தேய்" என்று திட்டியவன், என் வீட்டு வாசலில் கோட்டை விட்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான். ரிட்டயர்டு ஆனவர்கள் தாராளமாகக் கார் வேலையில் இறங்கலாம். துரு நீக்குவது, பட்டி வைப்பது, தண்ணீர் விட்டுத் தேய்ப்பது எல்லாம் நம் கைக்குள் அடங்கும் வேலை. கூலியில் பெரும்பங்கு போவதும் அதற்குத்தான். ஹார்டனர் கலந்த பெயிண்டைத் தெளிப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். 'யூடியூபில் அடிக்கிறார்களே' என்பீர்கள். அடித்த அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்தது என்று வீடியோவில் வராது.

இன்னொன்று. பட்டறையில் விட்டாலும், கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு பையன் அடிப்பதைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அவனுக்கும் இருப்பது நம்மைப் போன்ற நுரையீரல்தான். தனி அறையும் சரியான முகமூடியும் உள்ள பட்டறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு இல்லை.

வண்டி இப்போது பளிச்சென்றுதான் இருக்கிறது. கதவோரம் ஒரு இடத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யலாம். நான் தொடவில்லை.