எல்லாருக்கும் சீட் தரும் கல்லூரி: கேட்க வேண்டிய கேள்வி வேற

நெமிலிச்சேரியில் ஆவடி பக்கம் போகும் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் இந்து காலேஜ். பட்டாபிராமில் 1969-ல் தொடங்கிய கல்லூரியின் பெயரே நிலையத்துக்கும் பெயர். பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் இந்த லைனில் உள்ள வீடுகளில் ஓடும் முதல் கேள்வி, 'கட்-ஆஃப் எவ்வளவு?' என்பதுதான். மார்க் குறைந்தவர்களுக்கும், பத்தாவதோடு நின்றவர்களுக்கும் யாராவது சொல்லும் பெயர், சமுதாயக் கல்லூரி. 'அங்க எல்லாருக்கும் சீட் குடுப்பாங்க' என்பது கூடவே வரும். பாதி பரிந்துரை, பாதி இளக்காரம்.

அந்த இளக்காரம் தேவையில்லாதது. ஆயிரம் பேர் விண்ணப்பித்து இருநூறு பேருக்கு இடம் கிடைத்தால் சேர்க்கை விகிதம் 20 சதவீதம். அது கல்லூரிக்கு எவ்வளவு போட்டி என்பதைத்தான் சொல்லும், பாடம் எப்படி நடக்கிறது என்பதை அல்ல. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் ஜூனியர் கல்லூரியோடு தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறையில் திறந்த சேர்க்கைதான் பொது விதி. நர்சிங் மாதிரி இடம் குறைவான படிப்புகளில் மட்டும் போட்டி உண்டு. அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சில வளாகங்கள், தகுதி பெற்ற சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இடத்துக்கே உத்தரவாதம் தருகின்றன. எல்லாரையும் சேர்ப்பதற்கு அங்கே மதிப்பு வருவது இந்த அடுத்த படியால்தான்.

இங்கே கதை 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் முயற்சியில் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. பள்ளியை விட்டவர்களுக்கும், வசதியில்லாதவர்களுக்கும் வாழ்க்கைத் திறன், பேச்சுத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, பிறகு வேலை. நல்ல யோசனை, சந்தேகமே இல்லை. 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சிக்கல் 'டிப்ளமோ' என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. மானியக் குழு முறையில் ஓராண்டு, 60 கிரெடிட் முடித்தால் டிப்ளமோ. ஆவடி முருகப்பா பாலிடெக்னிக்கில் பத்தாவது முடித்துச் சேர்ந்து மூன்று வருடம் படித்தாலும் டிப்ளமோ. இரண்டாவதைக் கையில் வைத்திருப்பவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். முதலாவதை வைத்து அது முடியாது. ஐ.டி.ஐ. முடித்தவருக்குக்கூட பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கு வழி இருக்கிறது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இதில் இன்னொரு சுழியும் உண்டு. பிளஸ் 2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009-ல் அரசாணையே வந்தது. படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர் இழப்பது ஃபீஸை மட்டுமல்ல, வயசையும்தான்.

அதனால் 'சீட் கிடைக்குமா?' என்பது இங்கே சின்னக் கேள்வி. கல்லூரிகள் விளம்பரத்தில் போட வேண்டியது வேறு மூன்று எண்ணிக்கை: சேர்ந்தவர்களில் முடித்தவர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர், மேல்படிப்புக்குப் போனவர் எத்தனை பேர். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஓராண்டு டிப்ளமோவின் கிரெடிட்டை பாலிடெக்னிக்கில் எந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று விதி வகுப்பது. அது வரும் வரை, தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஃபாரம் வாங்கப் போகிறவர்கள் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடலாம்: சர்டிஃபிகேட்டில் யார் பெயர் இருக்கும்? பயிற்சி எந்த கம்பெனியில்? இதை வைத்து அடுத்து எதில் சேரலாம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.