ஏரிக்கரையில் ஒரு எகனாமிக்ஸ் வாத்தியார்

எகனாமிக்ஸ் வாத்தியார் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பட்ஜெட் அன்னிக்கு டிவியில கோட்டு போட்டு உட்கார்ந்துகிட்டு நிதிப் பற்றாக்குறையைப் பத்திப் பேசறவர். இல்லேன்னா சென்செக்ஸ். வரப்புல நின்னுகிட்டு "இந்தக் கிணறு இப்ப எத்தனை அடி? பத்து வருஷம் முன்னாடி எத்தனை அடி?" என்று கேட்கிற ஒருத்தர் நிச்சயமா ஞாபகத்துக்கு வர மாட்டார்.

ஆனா தமிழ்நாட்டில் வேளாண் பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தையும் உருப்படியாகச் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது ரகம்தான். ஒரு ஊருக்குப் போவார்கள், கணக்கெடுப்பார்கள், எழுதுவார்கள். அப்புறம் அவர்களோ, அவர்களுக்குப் பின்னால் வந்த வேறொருவரோ அதே ஊருக்குத் திரும்பப் போவார்கள். இந்தத் திரும்பப் போகிற வேலைக்கு நம் கல்லூரிகளில் ஒரு மரியாதையும் இல்லை. அந்த வேலை இன்னிக்கு ரொம்பத் தேவைப்படுகிற இடம் தஞ்சாவூர் இல்லை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாதிரி விவசாயம் முடிந்துபோன, முடிந்துகொண்டிருக்கிற நம்ம ஏரியாதான். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மீதியெல்லாம் ஏன் என்கிற விளக்கம்.

கதை 1915ல ஆரம்பிக்குது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒரு வெள்ளைக்காரர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். வந்தவர் பையன்களுக்கு லண்டன் புத்தகத்தை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க. அவர் என்ன செய்தார்னா, ஒரு கேள்விப் பட்டியல் தயார் பண்ணி, "லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? உங்க ஊரைப் பத்தி இதையெல்லாம் விசாரிச்சு எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினார். நிலம் யாருகிட்ட, என்ன பயிர், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு, இப்படி. அதிலிருந்து வந்ததுதான் 1918ல் வெளியான சில தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய அவருடைய புத்தகம். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல தூசி, திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கம் வடமலைபுரம் எல்லாம் அப்படித்தான் ஆராய்ச்சி உலகத்துக்குள்ள நுழைஞ்சுது.

காலேஜ் பசங்க எழுதிய கட்டுரைகள்தான். சிலது நல்லா இருக்கும், சிலது சுமாரா இருக்கும். ஆனா அடுத்து நடந்ததுதான் அதிசயம். 1936-37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இந்த ஊர்களை மறுபடி ஆய்வு செய்ய வைத்து 1940ல் புத்தகமாக்கினார்கள். 1961ல் ஆக்ஸ்போர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களின் தொடக்கத்தில் அடையாறு காந்தி நகரில் இருக்கிற எம்.ஐ.டி.எஸ். (மால்கம் ஆதிசேஷையா 1971ல் ஆரம்பித்த வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) சார்பில் எஸ். குகனும் மற்றவர்களும் போனார்கள். குகன் சாதாரண ஆள் இல்லை. ஐ.ஏ.எஸ்., தமிழக அரசின் நிதிச் செயலராக இருந்தவர். கோட்டையில ஃபைல் பார்த்தவர் இருவேல்பட்டுக்குப் போய் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கெடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பிறகு 2008ல் ஜான் ஹாரிஸ், கே. நாகராஜ், ஜெ. ஜெயரஞ்சன் மூவரும் மறுபடி இருவேல்பட்டு. ஜெயரஞ்சன்தான் 2021ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டவர்.

ஆக ஒரு ஊருக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் வரலாறு கையில இருக்கு. யாரிடமிருந்து நிலம் யாருக்குப் போச்சு, ஊரையே கையில வச்சிருந்த பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலி வேலைக்கு இருந்தவர்கள் எப்போ வெளியூர் வேலைக்குக் கிளம்பினார்கள், எல்லாம். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஒரே மாட்யூலுக்கு 1916லேர்ந்து வர்ஷன் ஹிஸ்டரி இருக்கிற மாதிரி. எங்க ஆபீஸ்ல போன வருஷ கோடுக்கே கமெண்ட் கிடையாது :-)

திரும்பப் போவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு வட ஆற்காடு கதையைச் சொல்லணும். 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து அங்கே சில கிராமங்களை ஆராய்ந்தார்கள். பி.எச். ஃபார்மர் தொகுத்து 1977ல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சி என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதாவது, புரட்சின்னு சொல்றீங்களே, எங்கப்பா? என்கிற தொனி. பத்து வருஷம் கழித்து, 1982-84ல், பீட்டர் ஹேசலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் (பின்னாளில் அங்கேயே துணைவேந்தர் ஆனார்) அதே ஊர்களுக்குப் போனார்கள். முதல் வருஷம் வறட்சி, அடுத்த வருஷம் பரவாயில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்ததில், புது நெல் ரகங்கள் நன்றாகப் பரவியிருந்தன, சின்ன விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் வருமானம் கூடியிருந்தது. முதல் தடவை போனவர்கள் தப்பு பண்ணவில்லை, அவர்கள் பார்த்த வருஷம் அப்படி. மூணாவது தடவையா 1993-94ல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எம்.ஐ.டி.எஸ்.ஸின் எஸ். ஜனகராஜனும் போனபோது கதை மறுபடி மாறியிருந்தது. நிலத்தடி நீர் பெரிய பிரச்சனையாக நின்றது. ஒரு தடவை மட்டும் போய் பேப்பர் போட்டவர் இதில் எந்த வருஷத்தைப் பிடித்தாரோ அதுவே அவருக்கு வேதம் ஆகியிருக்கும்.

ஜனகராஜன் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கு. விவசாயப் பொருளாதாரத்தில் ஆரம்பித்தவர் எப்படிச் சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்கு வந்து சேருவார் என்பதற்கு அவர் வாழ்க்கைதான் சரியான உதாரணம். கிராமச் சந்தை, கடன், நிலம் என்று தொடங்கினார். அங்கேயிருந்து கிணற்றுக்கு வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் 60 அடிக்குத் தோண்டினால் நான் 80, நான் 80 என்றால் அவர் 120. பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம், தோண்டுகிற செலவு மட்டும் சொந்தம். கடைசியில் கடன் வாங்கித் தோண்ட முடியாத சின்ன விவசாயிதான் போட்டியிலிருந்து வெளியே. தண்ணீர் குறைவது இயற்கைப் பிரச்சனை மாதிரித் தெரியும், ஆனா யார் முதலில் காய்ந்து போகிறார் என்பது பொருளாதாரப் பிரச்சனை. இதை அவர் ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. அப்புறம் பாலாறு, தோல் பதனிடும் தொழிற்சாலைகள், நொய்யல், சாயப்பட்டறை. 2003ல் காவிரிப் பிரச்சனையில் இரண்டு மாநில விவசாயிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைத்த 'காவிரிக் குடும்பம்' முயற்சிக்குப் பின்னாலும் அவரும் எம்.ஐ.டி.எஸ்.ஸும் இருந்தார்கள். அது தீர்வு கொடுத்ததா என்றால் இல்லை. ஆனா பஸ்ஸைக் கொளுத்துகிற சீசன்ல ரெண்டு பக்கமும் ஒரே மேஜையில உட்கார்ந்து டீ குடிச்சாங்களே, அதுவே பெரிசு.

சரி, கெட்டுப்போன கிணற்றுக்கு என்ன விலை? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே கட்டணும்' என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி சூழல் இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். 2001ல் அந்த ஆணையம் சொன்ன இழப்பீடு சுமார் 26 கோடி ரூபாய்க்கு மேல், பாதிக்கப்பட்டவர்கள் 29,000க்கும் அதிகம். வகுத்துப் பாருங்க, ஆளுக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. நிலத்தில் உப்பேறி, கிணறு செத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் போனதற்கு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு, இதே இழப்பீடு பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் பொருளாதார வாத்தியார் வேணும். 'பாவம்' என்று நாம் எல்லாரும் சொல்லலாம். ஏக்கருக்கு என்ன விளைச்சல் இருந்தது, இப்போ என்ன, குடிதண்ணீர் வாங்க வருஷத்துக்கு என்ன செலவு, மாடு செத்தது எத்தனை என்று பழைய கணக்கும் புதிய கணக்கும் யாரிடமாவது இருந்தால்தான் கோர்ட்டில் எடுபடும். திருப்பூர் சாயக்கழிவால் ஏற்பட்ட சேதத்தை ரூபாயில் கணக்கிடும் வேலையை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பால் அப்பாசாமியும் உடன் இருந்தவர்களும் செய்தார்கள். பழைய கணக்கு இல்லாத ஊரில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். இவை எல்லாம் என்ன? நாம் இன்னிக்கு 'வாட்டர் பாடி' என்று சொல்லிக்கொள்கிறோம். இவை பாசன ஏரிகள். ஏரிக்கு மதகு உண்டு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு உண்டு, ஆயக்கட்டில் நெல் போட்டவருக்கு ஏரி தூர்ந்துபோனால் சோறு இல்லை. அதனால்தான் கரையையும் வரத்துக் கால்வாயையும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அப்புறம் வீட்டு மனை, அப்புறம் அடுக்குமாடி, அப்புறம் எங்களை மாதிரி ஐ.டி. ஆட்கள். மதகுக்குக் கீழே நெல்லுக்குப் பதில் 'நகர்'கள். நெல்லே இல்லாதபோது மதகு எதுக்கு? வரத்துக் கால்வாய் எதுக்கு? என் கணக்குப்படி ஒரு ஏரி சாக ஆரம்பிப்பது குப்பை கொட்டுகிற நாளில் இல்லை, கடைசி ஆயக்கட்டு விவசாயி பத்திரப் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போடுகிற நாளில். அதுக்கப்புறம் அந்த ஏரியால எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நன்மை, ஆனா யாருக்கும் அதுதான் சோறு இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவு நீர் கலக்கிற விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போச்சு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தபோது ஏரிக்கும் நமக்கும் இருக்கிற உறவு நிறைய பேருக்கு முதல் தடவையாப் புரிஞ்சுது.

உடனே 'விவசாயியைக் காப்போம்' கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் விற்ற இடத்தில்தான் நம் பாதிப் பேர் குடியிருக்கோம். கொசஸ்தலையாறு, ஆரணியாறு பக்கம் கிணற்றுத் தண்ணீரை மெட்ரோ வாட்டருக்கும் லாரிக்கும் விற்ற விவசாயியும் கணக்குப் போட்டுத்தான் விற்றார். நெல்லை விடத் தண்ணீருக்கு விலை அதிகம். ஆனா அதே ஊரில் நிலமில்லாமல் நாற்று நடப் போன அம்மாவுக்கு அந்த விற்பனையில் எத்தனை பைசா வந்தது? வேலைதான் போச்சு. இதை யாராவது வீடு வீடாகக் கேட்டு எழுதினால்தான் தெரியும்.

யார் எழுதுவது? இங்கதான் வயித்தெரிச்சல். 2010ல் யூ.ஜி.சி. கொண்டுவந்த விதிகளில் ஆசிரியருக்கு ஏ.பி.ஐ. என்று ஒரு மதிப்பெண் கணக்கு வந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு. 2018ல் விதிகளைத் திருத்தினபோதும் ஆய்வு மதிப்பெண் அட்டவணை தொடர்ந்தது. அதில் 'அதே ஊருக்குப் பத்து வருஷம் கழிச்சு மறுபடி போனார்' என்பதற்கு ஒரு வரி கிடையாது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவருக்கு வருஷத்துக்கு 11 மாசம்தான் சம்பளம். ஸ்லேட்டர் பையன்களை ஊருக்கு அனுப்பிய அந்த லீவு மாசத்தில் இவருக்கு வருமானமே இல்லை! அவர் எந்த ஏரிக்கரையில் போய் நிற்பார்?

இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்ற உத்தரவால் எல்லா டிகிரிக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடம். இன்ஜினியரிங்லயும் உண்டு. ஓசோன் ஓட்டை, அமில மழை, ஐந்து மதிப்பெண் படம். கல்லூரி காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு எத்தனை மதகு என்று அதில் ஒரு கேள்வி வராது. பூந்தமல்லி, ஆவடி சுற்று வட்டாரத்தில் இத்தனை கல்லூரிகள். பல கட்டிடங்களே வயல்மேலதான் நிக்குது.

இவ்வளவுக்கும் இதுக்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஒரு வகுப்பில் 60 பேர், ஆளுக்குப் பத்து வீடு என்றால் 600 வீடு. பொருளாதாரத் துறை வாத்தியார் ஒருவர், சம்பளத்தோடு ஒரு மாசம், அந்தக் கட்டாயப் பாடத்தின் செய்முறை மதிப்பெண். முதல் வருஷக் கட்டுரைகள் சுமாராத்தான் இருக்கும், இருக்கட்டும். 1916லும் அப்படித்தான் இருந்தது. நூலகத்தில் பத்திரமா வச்சா போதும், அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி ஸ்லேட்டர் காலத்துக் கேள்விகளே: நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு. அதோட கூட இங்கே நாலு சேர்த்துக்கணும். உங்க மனை எந்த வருஷம் வரை வயலா இருந்தது? அப்போ அதுக்கு எந்த மதகுத் தண்ணீர்? போர் எத்தனை அடி, போன தடவை எத்தனை அடி? கோடையில் மாசத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர், அது எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருது?