எந்த இடத்திலிருந்து விலகினார்?

1821-இன் தொடக்கத்தில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றிய தத்துவ அறிஞர் ஷெல்லிங், ‘எக்ஸ்டஸிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கையில் எடுத்தார். இருந்த இடத்தைவிட்டு விலகுவது என்பது அதன் நேர்ப்பொருள். ‘நான்’ தன் இடத்தைவிட்டு இறங்கினால்தான் மெய்யறிவு தொடங்கும் என்ற அவரே, சொல் இருமுகம் உடையது என்றும் எச்சரித்தார்: தகாத இடத்திலிருந்து விலகினால் தெளிவு பிறக்கும், இருக்கவேண்டிய இடத்திலிருந்து பெயர்ந்தால் பிதற்றல்தான் மிஞ்சும். தியானத்திலும், மனநிலையை மாற்றும் சைலோசைபின் மருந்திலும் ‘நான்’ கரைவதை அளக்கும் நம் வினாப்பட்டியல்களோ, பெரும்பாலும் எவ்வளவு கரைந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன.

தத்துவப் பேச்சு மருத்துவச் சான்றாகுமா என்று கேட்பது நியாயம். ஆகாது, சோதனைகளையே பார்ப்போம். 1962 புனித வெள்ளியன்று பாஸ்டன் மார்ஷ் சேப்பலில் வால்டர் பான்கே 20 இறையியல் மாணவர்களை அமரவைத்தார். பத்துப் பேருக்கு 30 மி.கி. சைலோசைபின், மற்றவர்களுக்கு, உடம்பைச் சிவக்கவைக்கும் நிகோட்டினிக் அமிலம். யாருக்கு எது என்பது சற்று நேரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின் ரிக் டாப்ளின் அவர்களில் பலரைத் தேடிப்பிடித்துப் பேசி, 1991-இல் எழுதினார். மருந்து பெற்றவர்களில் பலர் அந்த நாளைப் பெரும்பேறாகவே நினைவுகூர்ந்தனர். ஆனால் ஒருவரை அடக்க அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்க நேர்ந்ததும், பான்கே அதை எழுதாமல் விட்டதும் அப்போதுதான் தெரியவந்தன. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தேவாலயம்.

அனுபவம் ஆழமாக வாய்த்தவர்களே பின்னர் அதிகம் தேறினர் என்று காட்டும் ஆய்வுகள் உண்டே என்பார்கள். உண்டு. 2019-இல் வெளியான சூரிச் ஆய்வில், ஐந்து நாள் முகாமின் நான்காம் நாள் சைலோசைபின் பெற்றவர்கள், வெற்று மருந்து பெற்ற சக தியானிகளைவிட நான்கு மாதம் கழித்தும் நல்ல மாற்றம் கண்டனர். மருந்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 39 பேரும் நெடுநாள் தியானப் பயிற்சி உள்ளவர்கள். விலகவும் திரும்பவும் பழகியவர்கள். ‘நான்’ ஏற்கெனவே ஆட்டம் கண்டு நம்மிடம் வருபவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது துணிச்சல். தியானம் மட்டும் பாதுகாப்பானதா என்றால், அதுவும் இல்லை. லிண்டால், பிரிட்டன் என்ற ஆய்வாளர்களின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னுணர்வு நழுவிப் பயந்த தியானிகளும் பேசுகிறார்கள்.

நம் ஊர்க் கொடையில் சாமியாடிக்கு அருகில், விபூதி பூசிச் சாமியை மலையேற்ற ஒருவர் நிற்பார். ஆய்வுக்கூடத்தில் அந்த ஆளுக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, அவர் இல்லாமல் மருந்தைத் தொடக்கூடாது. அடுத்த இதழுக்கு எழுதுவோர், அனுபவ மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், ஆறு மாதம் கழித்து அந்த அனுபவம் பெற்றவர் வேலையில், வீட்டில், தூக்கத்தில் எப்படி இருக்கிறார் என்பதையும், தடுமாறியவர்களின் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.