பாஸ்புக் யார் கையில் இருக்கணும்?

முப்பத்தஞ்சு வருஷம் வங்கியில் அடுத்தவங்க கணக்கைச் சரிபார்த்தவன் நான். போன வருஷம் தோட்டத்துக்குப் பழம் வாங்க வந்த ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர், "சார், இந்தப் பூவன் தாருக்கு ஆடி மாசம் என்ன கொடுத்தீங்க?"ன்னு கேட்டப்போ முழிச்சேன். ஜீவாமிர்தம் விட்டது ஞாபகம் இருக்கு. எந்தத் தேதி, எத்தனை லிட்டர், பக்கத்து வயல்ல மருந்து அடிச்ச அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது? ஒண்ணும் எழுதி வைக்கலை. வெட்கமாப் போச்சு.

இந்தக் கேள்வி கடைக்காரரோட நிக்கப் போறதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. படிப்படியாக ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வரும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பொருள் எதனால் ஆனது என்பது போன்ற விவரங்கள் தெரியணும். உணவுப் பொருளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆனால் துணி முதல் வரிசையில் இருக்கு. நம்ம பக்கத்துக் கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் அங்கேதான் போகுது. துணிக்குப் பின்னால் நூல், நூலுக்குப் பின்னால் பருத்தி. பெரம்பலூர்ல பருத்தி போடுறவரையும் ஒரு நாள் விவரம் கேட்பாங்க.

உணவுக்கு வேற கயிறு ஏற்கெனவே இருக்கு. ஏற்றுமதின்னா என்பிஓபி சான்று, அபீடாவின் டிரேஸ்நெட் பதிவு. உள்நாட்டுக்குன்னா விவசாயிகளே ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உறுதி சொல்லும் பிஜிஎஸ். ஐரோப்பாவின் புதிய விதிப்படி, சான்று வாங்கும் விவசாயிகள் குழு சட்டப்படி பதிவான அமைப்பா இருக்கணும். 2,000 பேருக்கு மேல கூடாது.

"ரசாயனம் கொட்டுறவனை யாரும் கணக்குக் கேக்கலை. கொட்டாத நாமதான் நிரூபிக்கணுமா?" என்று நண்பர்கள் கோபப்படுறாங்க. நியாயமான கோபம். ஆனா 2020-ல் நடந்ததை நினைச்சுப் பாருங்க. இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததுன்னு திருப்பி எடுத்தாங்க. அது வயலில் தெளிக்கிற மருந்து இல்லை. அறுவடைக்கு அப்புறம் கிருமி அழிக்கப் பயன்படுத்தும் வாயு. எங்கேயோ நடந்த தப்புக்கு இந்திய எள்ளுக்கே கெட்ட பேர். இந்த மாதிரி நேரத்தில் 'தப்பு என் வயலில் இல்லை'ன்னு சொல்ல விவசாயி கையில் என்ன இருக்கு?

இதுதான் என் கவலை. வங்கியில் லெட்ஜர் எங்ககிட்ட இருக்கும், பாஸ்புக் வாடிக்கையாளர்கிட்ட இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அவர் கேள்வி கேட்கலாம். இயற்கை விவசாயத்தில் பல இடங்களில் லெட்ஜரும் கம்பெனிகிட்ட, பாஸ்புக்கும் கம்பெனிகிட்ட. குழுச் சான்றை ஏற்றுமதியாளரே எடுத்து நடத்தினா, விவசாயியோட வயல் விவரம் அவர் கம்ப்யூட்டர்ல. நாளைக்கு அவரை விட்டு வெளியே வந்தா, பல வருஷம் மண்ணைச் சுத்தமா வச்சிருந்ததுக்குக் காட்ட ஒரு காகிதம் கிடையாது. டிஜிட்டல் வந்தா இது சரியாயிடும்னு நம்பாதீங்க. பதிவு யார் கையில் இருக்கோ, விலை பேசும் பலமும் அவர் கையில்தான்.

அதனால் மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, வயல், இடுபொருள், அளவு, எங்கிருந்து வந்தது. எழுத வராத பெரியவங்களுக்கு வீட்டுப் பிள்ளைங்க எழுதட்டும். ரெண்டு, அதன் நகல் நம்ம உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கட்டும். வாங்குறவர் அங்கே வந்து கேட்கட்டும். மூணு, விவரம் கேட்கிறவர் அதற்கான செலவையும் விலையில் சேர்த்துக் கொடுக்கணும். இதை ஒத்தையாக் கேட்டா நடக்காது, இயக்கமாத்தான் கேட்கணும்.

நான் நோட்டு போட்டுட்டேன். இந்த வருஷம் அதே கடைக்காரர் வந்தார். கேட்கறதுக்கு முன்னாடியே எடுத்து நீட்டினேன்.